நெட் ஸ்பீடா இருந்தும் வீடியோ சுத்திக்கிட்டே இருக்கா? கோளாறு ஃபைலுக்குள் இருக்கலாம்!

பிளே பட்டனைத் தொட்டாச்சு. திரை கறுப்பாகிறது. நடுவில் ஒரு வட்டம் சுற்றத் தொடங்குகிறது. ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு... “சே, நெட் இல்ல போல” என்று வெளியே வந்து அதே போனில் யூடியூபைத் திறந்தால், அங்கே வீடியோ சட்டென்று ஓடுகிறது. சிக்னல் அதேதான், போன் அதேதான், டேட்டா பேக்கும் அதேதான். அப்படியானால் அந்த வெப்சைட்டில் மட்டும் என்ன பிரச்சினை?

இது பார்ப்பவரின் எரிச்சலோடு முடிந்துவிடும் விஷயம் இல்லை. ஆன்லைனில் வகுப்பெடுக்கும் ஆசிரியர், வேலை தேடி போர்ட்ஃபோலியோ போட்டிருக்கும் எடிட்டர், புடவையை விரித்துக் காட்டி விற்கும் சின்னக் கடைக்காரர் என்று பலரும் இன்று சொந்த வெப்சைட்டில் வீடியோ வைக்கிறார்கள். வந்தவர் நாலாவது விநாடியில் கிளம்பிவிட்டால், அந்த உழைப்பை யாரும் பார்க்கவே இல்லை என்று அர்த்தம். கிளம்பியவர் போன் போட்டு “உங்க வீடியோ ஓடல” என்று சொல்லப்போவதும் இல்லை.

வெப்சைட் வைத்திருப்பவருக்கோ விஷயமே தெரியாது. அவர் திறந்து பார்த்தால் நன்றாகத்தான் ஓடும். காரணம், ஆபீஸ் வைஃபை வேகமானது. ஏற்கெனவே நாலு முறை பார்த்த வீடியோ என்பதால் அது அவருடைய பிரவுசரின் கேஷிலும் சேமிக்கப்பட்டிருக்கும். “எனக்கு நல்லாத்தானே ஓடுது?” என்ற பதில் இப்படித்தான் வருகிறது.

நல்ல செய்தி என்னவென்றால், இதைச் சரிசெய்ய பல நேரங்களில் புது சர்வர் வாங்க வேண்டியதில்லை. எது முதலில் வர வேண்டுமோ அதை முதலில் வரவைத்தாலே போதும். எப்படி என்று பார்க்கலாம்.

2 விநாடிதான் பொறுமை!

வீடியோ தொடங்கத் தாமதமானால் மக்கள் எவ்வளவு நேரம் காத்திருப்பார்கள்? இதைப் பெரிய அளவில் அளந்து பார்த்த ஆய்வு 2012-ல் வெளியானது. அகமாய் நிறுவனத்தின் எஸ். ஷண்முக கிருஷ்ணனும், மாசசூசெட்ஸ் ஆம்ஹெர்ஸ்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் ரமேஷ் சீதாராமனும் சேர்ந்து நடத்திய ஆய்வு அது. சீதாராமன் சென்னை ஐஐடியில் படித்தவர்.

67 லட்சம் பேர், 2.3 கோடி முறை வீடியோ பார்த்த தரவுகளை அவர்கள் ஆராய்ந்தார்கள். முதல் 2 விநாடி வரை மக்கள் பொறுத்துக்கொள்கிறார்கள். அதற்குப் பிறகு கிளம்பத் தொடங்குகிறார்கள். கூடும் ஒவ்வொரு விநாடிக்கும், பார்க்காமல் வெளியேறுவோர் விகிதம் 5.8% உயர்கிறது.

இன்னும் இரண்டு விஷயங்களும் அதில் தெரியவந்தன. ஒன்று, நீளமான வீடியோவுக்குக் காட்டும் பொறுமையைக் குட்டி வீடியோவுக்கு யாரும் காட்டுவதில்லை. இரண்டு, வேகமான இணைப்பு வைத்திருப்பவர்கள்தான் சீக்கிரம் கிளம்புகிறார்கள். ஃபைபர் இணைப்பில் இருப்பவர், மொபைல் இணைப்பில் இருப்பவரைவிட குறைவாகவே காத்திருக்கிறார். அதனால், “இப்போ எல்லார்கிட்டயும் 5ஜி இருக்கு, பிரச்சினையே இல்ல” என்று விட்டுவிட முடியாது. நெட் வேகமாக வேகமாக, எதிர்பார்ப்பும் கூடவே ஏறுகிறது.

தொட்டதுக்கும் ஓடுறதுக்கும் நடுவுல என்ன நடக்குது?

பிளே பட்டனைத் தொட்டதும் வீடியோ வந்துவிடுவதில்லை. முதலில் அந்த சர்வரின் முகவரியை பிரவுசர் கேட்டுத் தெரிந்துகொள்கிறது. அடுத்து சர்வரோடு இணைப்பு ஏற்படுத்துகிறது. பிறகு பாதுகாப்புக்கான குறியாக்கத்தை இருவரும் பேசி முடிவுசெய்கிறார்கள். அதன் பிறகுதான் “இந்த வீடியோவைக் கொடு” என்று கேட்கிறது. வந்த டேட்டாவைப் படித்து, முதல் படத்தை உருவாக்கி, இடைஞ்சல் இல்லாமல் ஓடும் அளவுக்கு இன்னும் கொஞ்சம் சேர்ந்த பிறகு திரையில் காட்டுகிறது.

இதில் ஒவ்வொரு படியும் ஒரு போய்வரும் பயணம். ஃபைபர் கேபிளுக்குள் ஒளி விநாடிக்குச் சுமார் 2 லட்சம் கி.மீ. வேகத்தில் போகும். பார்ப்பவர் சென்னையில், சர்வர் அமெரிக்காவின் வர்ஜீனியாவில் என்று வைத்துக்கொண்டால், நேர்கோட்டுத் தூரமே 13,000 கி.மீ.க்கு மேல். எந்தத் தடங்கலும் இல்லாவிட்டாலும் ஒரு முறை போய்வர 130 மில்லிவிநாடிக்குக் குறையாது. கேபிள் சுற்றிப் போகும் வழி, நடுவில் உள்ள ரவுட்டர்கள் எல்லாம் சேர்ந்தால் நடைமுறையில் 200-ஐத் தாண்டிவிடும். ஐந்து முறை போய்வந்தால் ஒரு விநாடி முடிந்தது. இன்னும் ஒரு படம்கூட திரைக்கு வரவில்லை!

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். 100 எம்பிபிஎஸ் பிளானுக்கு மாறினாலும் இந்தப் பயண நேரம் குறையாது. சென்னையிலிருந்து மதுரைக்கு எட்டுவழிச் சாலை போட்டால் நிறைய வண்டிகள் போகலாம். மதுரை பக்கத்தில் வந்துவிடாது. ஆகவே, வீடியோ சீக்கிரம் தொடங்க வேண்டுமென்றால் இரண்டு வழிகள்தான். பயணங்களின் எண்ணிக்கையைக் குறைக்க வேண்டும். அல்லது தூரத்தைக் குறைக்க வேண்டும்.

முதல் சந்தேக ஆசாமி: கடைசிப் பக்கத்தில் ஒளிந்திருக்கும் பொருளடக்கம்

எம்பி4 ஃபைல் என்பது பல பெட்டிகளை அடுக்கி வைத்தது போன்றது. அதில் முக்கியமானவை இரண்டு. ‘எம்டேட்’ என்ற பெட்டியில் படமும் ஒலியும் இருக்கும். ஃபைலின் பெரும்பகுதி அதுதான். ‘மூவ்’ என்ற சின்னப் பெட்டியில் அதற்கான அட்டவணை இருக்கும். எந்த ஃப்ரேம் ஃபைலில் எங்கே இருக்கிறது, எந்த நேரத்தில் காட்ட வேண்டும், எந்த முறையில் சுருக்கப்பட்டிருக்கிறது என்ற விவரங்கள் எல்லாம் அதில்தான்.

அட்டவணை கையில் இல்லாமல் பிரவுசரால் ஒரு ஃப்ரேமைக்கூட காட்ட முடியாது. ஆனால் பல வீடியோக்களில் அந்த அட்டவணை ஃபைலின் கடைசியில்தான் இருக்கிறது.

இது யாருடைய தவறும் இல்லை. ரெக்கார்டிங் நடந்துகொண்டிருக்கும்போது மொத்தம் எத்தனை ஃப்ரேம் வரும் என்று கேமராவுக்குத் தெரியாது. ஸ்டாப் பட்டனை அழுத்திய பிறகுதான் கணக்கு முடியும். அதை அப்போது கடைசியில் எழுதிவைக்கிறது. ஷூட்டிங் நடுவே பேட்டரி தீர்ந்து போன் அணைந்துவிட்டால் சில நேரம் வீடியோ திறக்காமலே போகுமே, அதற்கும் இதுதான் காரணம். படம் முழுக்க உள்ளே இருக்கும். அட்டவணை மட்டும் எழுதப்பட்டிருக்காது.

மெமரி கார்டிலிருந்து பார்க்கும்போது அட்டவணை எங்கே இருந்தாலும் வித்தியாசம் தெரியாது. இணையத்தில் தெரியும். பிரவுசர் ஃபைலின் தொடக்கத்தைக் கேட்கிறது. அட்டவணை இல்லை. அந்த டவுன்லோடை நிறுத்திவிட்டு, “கடைசிப் பகுதியைக் கொடு” என்று மறுபடி கேட்கிறது. அதைப் படித்த பிறகு, “இப்போ முதல் பகுதியைக் கொடு” என்று மூன்றாவது முறை போகிறது. தேவையில்லாத பயணங்கள் இரண்டு கூடிவிட்டன.

இதைவிட மோசமான நிலையும் உண்டு. இப்படிப் பகுதி பகுதியாகக் கேட்பதை ‘ரேஞ்ச் ரிக்வெஸ்ட்’ என்பார்கள். எல்லா சர்வரும் அதற்குச் சரியாகப் பதில் சொல்வதில்லை. சொல்லாவிட்டால், கடைசியில் இருக்கும் அட்டவணைக்காக முழு ஃபைலும் இறங்கியாக வேண்டும். 200 மெகாபைட் வீடியோ, 8 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால் விநாடிக்கு 1 மெகாபைட். அதாவது, முதல் படம் தெரிய 200 விநாடி. மூன்று நிமிடத்துக்கும் மேல்!

சரிசெய்வது எப்படி?

அட்டவணையைக் கடைசியிலிருந்து முதலுக்கு நகர்த்துவதற்குப் பெயர் ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’. எஃப்எஃப்எம்பெக் என்ற இலவச மென்பொருளில் ஒரே வரி கமாண்டில் இதைச் செய்யலாம். ‘மூவ்ஃப்ளாக்ஸ்’ என்ற ஆப்ஷனுக்கு ‘ஃபாஸ்ட்ஸ்டார்ட்’ என்று மதிப்பு கொடுக்க வேண்டும். கூடவே ‘காப்பி’ என்று சொல்லிவிட்டால் படத்தையும் ஒலியையும் மறுபடி சுருக்காமல் அப்படியே வைத்துக்கொள்ளும். தரம் துளிகூட குறையாது. சின்ன ஃபைல் என்றால் சில விநாடிகளில் வேலை முடிந்துவிடும்.

கமாண்ட் எல்லாம் பழக்கமில்லை என்பவர்களுக்கு ஹேண்ட்பிரேக் இருக்கிறது. அதுவும் இலவசம். எக்ஸ்போர்ட் செய்யும் முன் ‘வெப் ஆப்டிமைஸ்டு’ என்ற கட்டத்தில் டிக் செய்தால் போதும். ஆனால் ஹேண்ட்பிரேக் வீடியோவை மறுபடி சுருக்கித்தான் கொடுக்கும் என்பதால், தரம் எவ்வளவு என்பதையும் சேர்த்துத் தேர்வு செய்ய வேண்டும்.

நம்ம ஃபைல்ல இந்தக் கோளாறு இருக்கான்னு எப்படித் தெரியும்?

லேப்டாப்பில் குரோமைத் திறந்து, டெவலப்பர் டூல்ஸில் ‘நெட்வொர்க்’ பகுதிக்குப் போய், ‘மீடியா’ என்பதை மட்டும் தேர்ந்தெடுத்துப் பக்கத்தை மறுபடி லோடு செய்யுங்கள். ஒரே வீடியோவுக்கு முதலில் ஒரு ரிக்வெஸ்ட், பாதியில் நின்றுபோய் கடைசிப் பகுதிக்கு இன்னொன்று, பிறகு முதல் பகுதிக்கு மூன்றாவது என்று போனால், அட்டவணை பெரும்பாலும் கடைசியில் இருக்கிறது என்று பொருள்.

அங்கேயே ‘ஸ்டேட்டஸ்’ என்ற பத்தியையும் பாருங்கள். 206 என்று இருந்தால் சர்வர் பகுதி பகுதியாகக் கொடுக்கிறது. 200 என்று இருந்தால் முழு ஃபைலையும் தூக்கிக் கொடுக்கிறது. கட்டணம் கட்டியவர்கள் மட்டும் பார்க்கும் கோர்ஸ் வீடியோக்களில் இது அடிக்கடி நடக்கும். லாகின் சரிபார்க்கும் கோடு வழியாக வீடியோவை அனுப்பும்போது, அந்தக் கோடு ரேஞ்ச் ரிக்வெஸ்ட்டைக் கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். ஐபோன், ஐபேடில் ஓட வேண்டிய வீடியோவுக்கு சர்வர் இதை ஆதரித்தே ஆக வேண்டும் என்று ஆப்பிள் தன் டெவலப்பர்களுக்கான குறிப்பில் சொல்கிறது. “ஆண்ட்ராய்டுல ஓடுது, ஐபோன்ல ஓடல” என்ற புகார் வந்தால் முதலில் பார்க்க வேண்டிய இடம் இதுதான்.

இரண்டாவது சந்தேக ஆசாமி: போனில் எடுத்ததை அப்படியே ஏற்றுவது

போன் கேமரா வீடியோவின் பிட்ரேட் அதிகம். பிட்ரேட் என்பது ஒரு விநாடி வீடியோவுக்கு எவ்வளவு டேட்டா என்ற கணக்கு. 16 எம்பிபிஎஸ் பிட்ரேட்டில் எடுத்தால், ஒரு விநாடி வீடியோவின் எடை 2 மெகாபைட். பார்ப்பவரிடம் இருப்பது 8 எம்பிபிஎஸ் இணைப்பு என்றால், ஒரு விநாடி வீடியோ இறங்க 2 விநாடி ஆகும். தொடங்கவும் தாமதம், தொடங்கிய பிறகும் நின்று நின்றுதான் ஓடும். அட்டவணையை எங்கே நகர்த்தினாலும் இது மாறாது.

அதனால் ஏற்றும் முன் ஒருமுறை சுருக்குவது அவசியம். ஒருவர் உட்கார்ந்து பேசும் வீடியோ, கடைப் பொருளைக் காட்டும் வீடியோ போன்றவை 720பி அளவில் சுமார் 2 எம்பிபிஎஸ் பிட்ரேட்டிலேயே போன் திரையில் நன்றாகத் தெரியும். வேகமாக ஆடும் நடனம், விளையாட்டு என்றால் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். முன்பு சொன்ன 16 எம்பிபிஎஸ் வீடியோவோடு ஒப்பிட்டால் இது எட்டில் ஒரு பங்கு.

எந்த முறையில் சுருக்குவது? எச்.264 என்ற முறை 2003-லிருந்து இருக்கிறது. இன்று புழக்கத்தில் உள்ள போன்கள், பிரவுசர்கள் அநேகமாக எல்லாவற்றிலும் ஓடும். 2018-ல் வந்த ஏவி1 முறை இன்னும் நன்றாகச் சுருக்கும். ஆனால் அதை விரித்துப் படமாக்கத் தனி சிப் வசதி இல்லாத போனில் பிராசஸர் திணறும், போன் சூடாகும். இரண்டையும் வைக்க விரும்பினால், வீடியோ டேகில் ஏவி1-ஐ முதலிலும் எச்.264-ஐ அடுத்தும் குறிப்பிடலாம். பிரவுசர் தன்னால் ஓட்ட முடிந்த முதல் ஃபைலை எடுத்துக்கொள்ளும். ஒன்றுதான் வைக்க முடியும் என்றால் கண்ணை மூடிக்கொண்டு எச்.264.

ஒரு எச்சரிக்கை: ஐபோனில் ‘ஹை எஃபிஷியன்ஸி’ அமைப்பில் எடுத்த வீடியோ எச்.இ.வி.சி. என்ற வேறு முறையில் இருக்கும். அதை அப்படியே ஏற்றினால் எல்லா பிரவுசரிலும் ஓடும் என்று சொல்ல முடியாது.

மூன்றாவது சந்தேக ஆசாமி: பக்கமே வழிவிடாமல் நிற்பது

சில நேரம் வீடியோ ஃபைல் சரியாகவே இருக்கும். அது இருக்கும் பக்கம்தான் கனமாக இருக்கும். விளம்பரக் கோடு, சாட் பட்டன், நாலைந்து டிராக்கர், பெரிய பேனர் படங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் இறங்கும்போது, வீடியோ தன் முறைக்காக வரிசையில் நிற்க வேண்டியிருக்கும்.

வீடியோ டேகில் ‘ப்ரீலோடு’ என்று ஓர் அமைப்பு உண்டு. மூன்று விதமாக வைக்கலாம். ‘நன்’ என்றால் தொடும் வரை எதையும் இறக்காது. ‘மெட்டாடேட்டா’ என்றால் அட்டவணை, நீளம் போன்ற விவரங்களை மட்டும் எடுத்துக்கொள்ளும். ‘ஆட்டோ’ என்றால் தொடும் முன்பே வீடியோவை இறக்கத் தொடங்கலாம்.

“ஆட்டோ வெச்சா சீக்கிரம் ஓடுமே” என்று ஒரே பக்கத்தில் உள்ள பத்து வீடியோவுக்கும் அதையே வைப்பதுதான் பலர் செய்யும் தவறு. பத்தும் ஒன்றோடொன்று போட்டி போட்டு, பார்க்க நினைத்த ஒன்றும் தாமதமாகும். பார்ப்பவரின் டேட்டாவும் காலியாகும். பக்கத்தின் முக்கிய வீடியோவுக்கு ‘மெட்டாடேட்டா’, கீழே இருப்பவற்றுக்கு ‘நன்’ என்று வைத்தாலே பெரும்பாலும் போதும்.

யூடியூப் வீடியோவை எம்பெட் செய்பவர்களும் கவனிக்க வேண்டும். யாரும் தொடாவிட்டாலும் அந்த பிளேயருக்கான கோடு பக்கத்தோடு சேர்ந்து இறங்கிவிடும். ஐந்து வீடியோ எம்பெட் செய்திருந்தால் சுமையும் கூடும். இதற்கு ஒரு மாற்று, தம்ப்நெயில் படத்தையும் பிளே பட்டனையும் மட்டும் முதலில் காட்டிவிட்டு, தொட்ட பிறகு பிளேயரை வரவைப்பது.

தானாக ஓட வேண்டிய வீடியோக்களில் இன்னொரு சிக்கல். ஒலியோடு தானாக ஓடுவதை பிரவுசர்கள் பொதுவாகத் தடுக்கின்றன. குரோம் 2018 ஏப்ரலிலிருந்தே இதைக் கட்டுப்படுத்துகிறது. “லோடு ஆகல” என்று நினைக்கும் வீடியோ உண்மையில் தடுக்கப்பட்டு நிற்கலாம். ‘மியூட்டட்’ என்று சேர்த்தால் ஓடும். ஐபோனுக்கு ‘ப்ளேஸ்இன்லைன்’ என்பதையும் சேர்க்க வேண்டும். இல்லாவிட்டால் முழுத்திரைக்குப் போனால்தான் ஓடுவேன் என்று நிற்கும்.

இதோடு ‘போஸ்டர்’ படம் ஒன்றும் வையுங்கள். அது வீடியோவை வேகமாக்காது. ஆனால் கறுப்புத் திரைக்குப் பதில் எதைப் பார்க்கப்போகிறோம் என்று தெரியும். அந்தப் படமே 2 மெகாபைட் இல்லாமல் பார்த்துக்கொண்டால் நல்லது!

தூரத்தைக் குறைப்பது எப்படி?

சர்வர் கடல் தாண்டி இருந்தால் ஒவ்வொரு பயணமும் நீளம். பார்ப்பவருக்குப் பக்கத்து ஊரில் ஒரு பிரதியை வைத்துவிட்டால் பயணம் சுருங்கும். சி.டி.என். எனப்படும் வலையமைப்பு செய்வது இதைத்தான். சென்னை, மும்பை போன்ற நகரங்களில் உள்ள சர்வர்களில் பிரதி சேமிக்கப்பட்டு, அங்கிருந்து கொடுக்கப்படும். 2022-ல் தரநிலையாக வெளியான எச்.டி.டி.பி.3-ஐ சி.டி.என். ஆதரித்தால் இன்னும் நல்லது. அதில் இணைப்பும் குறியாக்கப் பேச்சும் ஒரே பயணத்தில் முடிந்துவிடும்.

இரண்டு விஷயம் கவனிக்க வேண்டும். ஓர் ஊரில் ஒரு வீடியோவை முதலில் கேட்பவருக்கு அது தொலைவில் உள்ள மூல சர்வரிலிருந்துதான் வரும். அடுத்தடுத்து வருபவர்களுக்கே பலன். எப்போதாவது ஒருவர் பார்க்கும் வீடியோவுக்கு சி.டி.என். பெரிதாக உதவாது. அடுத்து, சில இலவச பிளான்களில் வீடியோவுக்கென்று தனி நிபந்தனைகள் உண்டு. படித்துப் பார்த்துவிட்டு ஏற்றுங்கள்.

நீளமான வீடியோவுக்கு என்ன செய்வது?

30 விநாடி கிளிப்புக்கு நன்றாகச் சுருக்கிய ஒரு எம்பி4 போதும். ஒரு மணி நேர வகுப்பு என்றால் கதை வேறு. அதற்குத்தான் எச்.எல்.எஸ். 2009-ல் ஆப்பிள் கொண்டுவந்த இந்த முறையில் வீடியோ சின்னச் சின்னத் துண்டுகளாக வெட்டப்படும். ஒவ்வொரு துண்டும் பல தரங்களில் இருக்கும். பார்ப்பவரின் இணைப்புக்கு ஏற்ப எந்தத் தரம் என்பதை பிளேயர் அவ்வப்போது மாற்றிக்கொள்ளும். வீடியோ முதலில் கொஞ்சம் மங்கலாகத் தொடங்கி, பிறகு தெளிவாவதைப் பார்த்திருப்பீர்கள். அது இதுதான்.

துண்டு ஒவ்வொன்றும் 6 விநாடி, முழுப் படமாகச் சேமிக்கப்படும் கீஃப்ரேம் 2 விநாடிக்கு ஒன்று என்பது ஆப்பிளின் பரிந்துரை. இதைத் தனியாகச் சொல்லித்தான் வைக்க வேண்டும். எஃப்எஃப்எம்பெக்கில் எச்.264-க்கான இயல்புநிலை 250 ஃப்ரேம் வரை ஒரு கீஃப்ரேம் என்பதால், 25 ஃப்ரேம் வேகத்தில் எடுத்த வீடியோவில் அது 10 விநாடி இடைவெளிவரை போய்விடும். துண்டுகளும் அந்த அளவுக்கு நீண்டுவிடும். நடுவில் தள்ளிப் பார்க்கும்போது திணறுவதற்கும் இந்த இடைவெளிதான் காரணம்.

தொடங்கும் தரத்தை 1080பி என்று வைக்காமல் நடுத்தரமாக வைத்தால் முதல் துண்டு சீக்கிரம் வந்துவிடும். எச்.எல்.எஸ். சஃபாரியில் நேரடியாக ஓடும். கம்ப்யூட்டரில் வேறு பிரவுசர் பயன்படுத்துபவர்களுக்காக எச்.எல்.எஸ்.ஜேஎஸ் போன்ற பிளேயர் ஒன்றைச் சேர்த்துக்கொள்வது பாதுகாப்பு.

வேகமாக்கினார்கள்... சராசரி மோசமானது!

எல்லாம் செய்தாகிவிட்டது. பலன் கிடைத்ததா என்று எப்படி அறிவது? இங்கே யூடியூபில் நடந்த ஒரு கதை உதவும்.

யூடியூபில் வெப் டெவலப்பராக இருந்த கிறிஸ் ஸகரியாஸ் இதை 2012-ல் எழுதினார். ஒரு கட்டத்தில் யூடியூபின் வீடியோ பக்கம் மட்டும் 1.2 மெகாபைட் வரை கனத்துப் போயிருந்தது. அதை 100 கிலோபைட்டுக்குள் அடக்க வேண்டும் என்று அவர் உட்கார்ந்தார். தேவையில்லாததை எல்லாம் கழற்றி 98 கிலோபைட்டுக்குக் கொண்டுவந்தார். அந்த முயற்சிக்கு ‘ஃபெதர்’ என்று பெயர். இறகு!

ஒரு பகுதிப் பார்வையாளர்களுக்கு அதைக் கொடுத்து ஒரு வாரம் கழித்து எண்களைப் பார்த்தால் அதிர்ச்சி. பக்கம் லோடு ஆகும் சராசரி நேரம் குறையவில்லை, கூடியிருந்தது. பன்னிரண்டில் ஒரு பங்காக இளைத்த பக்கம் எப்படி மெதுவாகும்?

நாடு வாரியாகப் பிரித்துப் பார்த்தபோதுதான் விடை கிடைத்தது. தென்கிழக்கு ஆசியா, தென் அமெரிக்கா, ஆப்பிரிக்கா, சைபீரியா போன்ற இடங்களிலிருந்து பார்வையாளர்கள் திடீரென்று கூடியிருந்தார்கள். அங்கே இந்த மெலிந்த பக்கத்திலேயே வீடியோவின் முதல் ஃப்ரேம் தெரிய 2 நிமிடத்துக்கு மேல் ஆனது. பழைய பக்கம் என்றால் 20 நிமிடம் ஆகியிருக்கும். அதனால் அவர்கள் அதுவரை யூடியூப் பக்கமே வரவில்லை, கணக்கிலும் இல்லை. முதல்முறையாகப் பார்க்க முடிந்ததும் வந்தார்கள். அவர்களுடைய 2 நிமிடமும் சேர்ந்ததால் சராசரி ஏறியது.

சின்ன வெப்சைட்டுக்கும் இது பொருந்தும். அனலிட்டிக்ஸில் தெரிவது வீடியோ ஓடும் வரை காத்திருந்தவர்களின் எண் மட்டும். மலைக்கிராமத்தில் ஒற்றைக் கோடு சிக்னலில் வகுப்பைத் திறக்கப் பார்த்த மாணவி, பழைய போனில் தொட்டுவிட்டுக் கிளம்பிய வாடிக்கையாளர் போன்றவர்கள் அதில் இருக்க மாட்டார்கள். “எங்க ஆடியன்ஸ் எல்லாம் நல்ல நெட்ல இருக்காங்க” என்று அறிக்கை சொன்னால், மற்றவர்களால் உள்ளே வர முடியவில்லை என்றும் அதற்கு அர்த்தம் இருக்கலாம்.

அதனால் அளக்கும்போது ஓடியவற்றை மட்டும் எண்ணாதீர்கள். பிளே தொட்டவர்கள் எத்தனை பேர், அதில் முதல் ஃப்ரேமைப் பார்த்தவர்கள் எத்தனை பேர் என்று இரண்டையும் பதிவு செய்யுங்கள். நடுவில் காணாமல் போனவர்கள் யார் என்பது அப்போது தெரியும். சராசரியோடு, மிக மெதுவாகக் கிடைத்த கடைசி 5% பேருக்கு எவ்வளவு ஆனது என்பதையும் தனியாகப் பாருங்கள்.

சரி, எங்கிருந்து தொடங்குறது?

இன்றே, அரை மணி நேரத்தில்:
- இன்காக்னிட்டோ விண்டோவில், வைஃபையை அணைத்து, மொபைல் டேட்டாவில் உங்கள் வீடியோவைத் தொட்டுப் பாருங்கள். வீட்டில் உள்ள பழைய போனிலும் பாருங்கள். முதல் படம் தெரியும் வரை விநாடியை எண்ணுங்கள்.
- குரோம் டெவலப்பர் டூல்ஸில் 206 வருகிறதா, ஒரே வீடியோவுக்கு எத்தனை ரிக்வெஸ்ட் போகிறது என்று பாருங்கள்.
- அதிகம் பார்க்கப்படும் வீடியோவை ஃபாஸ்ட்ஸ்டார்ட் செய்து ஏற்றுங்கள்.

இந்த வாரத்துக்குள்:
- போனில் எடுத்து அப்படியே ஏற்றிய வீடியோக்களைச் சுருக்கி மாற்றுங்கள்.
- ‘ப்ரீலோடு’ அமைப்பைச் சரிசெய்து, போஸ்டர் படம் வையுங்கள். தேவையில்லாத எம்பெட்டுகளை எடுத்துவிடுங்கள்.

பார்வையாளர்கள் கூடும்போது:
- சி.டி.என்.-க்கு மாறுங்கள். நீளமான வீடியோக்களை எச்.எல்.எஸ். ஆக்குங்கள்.

ஒவ்வொரு மாற்றத்துக்குப் பிறகும் அதே போனில், அதே இடத்தில் மறுபடி எண்ணிப் பாருங்கள். எல்லாவற்றையும் ஒரே நாளில் மாற்றினால் எது வேலை செய்தது என்று தெரியாமல் போய்விடும்.

வெப்சைட் இல்லாத, வெறும் பார்வையாளர் என்றால்? அடுத்த முறை ஒரு தளத்தில் மட்டும் வட்டம் சுற்றினால், வேறு தளத்தில் ஒரு வீடியோவை ஓட்டிப் பாருங்கள். அங்கே ஓடினால் கோளாறு பெரும்பாலும் உங்கள் நெட்டில் இல்லை. டேட்டா பிளானை மாற்ற வேண்டியதும் இல்லை. அந்தத் தளத்துக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள்: “உங்க வீடியோ தொடங்க இத்தனை செகண்ட் ஆகுது.” அப்படி யாரும் சொல்லாததால்தான் பல தளங்களில் இது இன்னும் சரிசெய்யப்படாமலே இருக்கிறது.